ஒட்டு விட்ட வண்டி

தம்பிக்கு வலது தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருந்தது. கையை மார்போடு சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் அசையக் கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவனை அசையாதே என்றால் எப்படி? கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதும் அவனுடைய இடது கால் தரையைக் கிளட்சுபோல மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தது. எதிரே ஸ்டூலில் ரொட்டியும் அவித்த முட்டையும் ஆறிக் கிடந்தன.

"அண்ணி, உங்க தம்பி முட்டையத் தொடவே இல்ல," என்று அவன் பெண்டாட்டி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "கோழிகிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வரட்டுமான்னு கேளுங்க."

அவன் அக்கா, ஊருக்குக் கேட்டக்கா, அதைக் கேட்கவில்லை. வாசல் கதவின் சங்கிலியை மாட்டிவிட்டு வந்து, உள்ளறையில் கட்டியிருந்த கொடியில் ஈரத் துணிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் துணியை வெளியே காயப்போடுகிறவர் யாராவது இருந்தால் அவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொள்ளலாம். தகரக் கூரைகளின்மேல் பழைய டயர்களை ஏற்றி வைத்திருப்பார்கள். ஜன்னல்கள் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். மறுபக்கம் காற்றின் பக்கம்.

கேட்டக்கா என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். ஊர்முனையில் மேட்டு ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு கேட்டு இருக்கிறது. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர், இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மதில்மேல் போட்டதுபோல ரோடு. மரம் கிடையாது, வீடு கிடையாது, ஒதுங்க ஒரு சுவர் கிடையாது. மறுமுனையில் அக்கரை ஊர், அங்கேயும் ஒரு கேட்டு. காற்று அளவு மீறினால் இரண்டு கேட்டையும் மூடிவிட வேண்டும். பதினோரு வருஷமாக இந்த முனைக் கேட்டு அவள் கையில்தான் இருந்தது. புருஷன் அதற்கும் நாலு வருஷம் முன்னால் வெளியூர் வேலைக்கென்று போனான். இன்னும் வேலை முடியவில்லை போலிருக்கிறது. அவள் தம்பியோடு, தம்பி குடும்பத்தோடு இருந்தாள்.

இப்போது ஏழு நாளாகக் கேட்டில் வேறு ஆள். விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று ரோடு ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

"பேசாம இருந்தா ஆச்சா?" தம்பி பெண்டாட்டி கரண்டியோடு வெளியே வந்தாள். "இன்ஜினியர் இன்னிக்கு வராராம். என்ன சொல்லப் போறீங்க ரெண்டு பேரும்? அக்காவும் தம்பியும் ஊமை நாடகம் போட்டுக் காட்டப் போறீங்களா?"

"நீ போய் அடுப்பப் பாரு," என்றான் தம்பி.

"அடுப்பு அங்கயேதான் இருக்கு. உன் லைசென்ஸ்தான் இருக்குமான்னு தெரியல."

*

கேட்டுக் கொட்டகைக்குமேல் ஒரு கம்பத்தில் மூன்று கிண்ணங்கள் சுற்றும். கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் முள் காற்றின் வேகத்தைக் காட்டும். சராசரி அறுபதைத் தாண்டினால் கேட்டை இறக்கு என்பது விதி. அதைக் கிண்ணம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். "கிண்ணம் எவ்வளவுக்கா காட்டுது?" என்று கேட்டுக்கொண்டேதான் வண்டியை நிறுத்துவார்கள்.

போன வருஷம் காற்றுக் காலத்தில் அவள் பதினான்கு நாள் மூடினாள். மழை இருந்தால் ஜனம் பொறுத்துக்கொள்ளும். வானம் துடைத்துவைத்ததுபோல நீலமாக இருக்கும்போது ரோட்டை மூடினால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு நாள் முட்டை லாரிகள் ஆறு மணி நேரம் வெயிலில் நின்றன. ஒரு நாள் அக்கரைக் கல்லூரியில் பரீட்சை எழுதப்போன பெண் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா சாகக் கிடக்கிறார் என்று ஓடிவந்த ஒருவன் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே போனில் சாவுச் செய்தியைக் கேட்டான். அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

லாரிச் சங்கம் ஆபீசுக்கு ஊர்வலம் போனது. மேஜைக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர், இந்தப் பக்கம் ஐம்பது டிரைவர்கள், ஓரத்தில் கேட்டுச் சாவியோடு அவள். அன்றைக்கு எல்லோரைவிடவும் நன்றாகப் பேசியவன் தம்பிதான்.

"சார், ரோடு எங்க கையில இருக்கு. கிண்ணத்துல இல்ல. கிண்ணம் ஒரே இடத்துல நிக்குது, நாங்க ஒன்பது கிலோமீட்டர் ஓட்டுறோம். காத்து அடிச்சா ஸ்டியரிங் சொல்லும் சார். எம்ட்டி வண்டின்னா நாங்களே நிப்பாட்டுவோம். லோடு வண்டின்னா போவோம். எங்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கு, சாகறதுக்கா வண்டி எடுக்கறோம்?"

கைதட்டினார்கள். சொன்னதில் பொய்யும் இல்லை. வீட்டுக்கு வந்து அக்கா வைத்த பருப்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "உன்னச் சொல்லலக்கா, ஆபீஸத்தான் சொன்னேன்," என்றான். "தெரியும், தண்ணி குடி," என்றாள் அவள்.

மறுநாள் இன்ஜினியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "டிரைவர்களுக்கு அறிவு இருக்கும்மா. சின்னப் பிள்ளைகளப் பட்டியில அடைக்கிற மாதிரி அடைக்காத. இனிமே மூடறதா இருந்தா என்னக் கேட்டுட்டு மூடு." எழுத்தில் தரவில்லை. வாயால் சொன்னதுதான். அதன்பிறகு ஒரு மாதம் அவளைப் பின்கட்டில் தார் டிரம்களை எண்ணும் வேலையில் போட்டுவைத்தார். அது தண்டனை இல்லை என்றும் சொன்னார்.

திரும்பிக் கேட்டுக்கு வந்தபோது அவள் வேறு ஆளாக வந்தாள். விதியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டாள். லோடு வண்டியை அனுப்பினாள், எம்ட்டியை நிறுத்தினாள். இருசக்கர வண்டிகளுக்குத்தான் வழி இல்லாமல் இருந்தது, காற்று பைக்கைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிடும். அதற்கு ஒட்டு விடும் பழக்கம் வந்தது. யார் முதலில் செய்தது என்று யாருக்கும் நினைவில்லை. அதை ஒழுங்கு பண்ணியது அவள். காற்று வலது கைப்பக்கமிருந்து வரும். லோடு லாரி நடுவில் மெதுவாகப் போகும். அதன் இடப்பக்கம், காற்றுப் படாத மறைப்பில், பைக் ஒட்டினாற்போலப் போகும். லாரிக்கு ஒரு பைக். இருபத்தைந்துக்குமேல் போகக் கூடாது. "அண்ணே, இவரக் கூட்டிட்டுப் போய் அக்கரையில விட்டுருங்க," என்பாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொள்வான். சுவரே கூட வருகிற மாதிரி இருக்கும் என்று பைக்காரர்கள் சொல்வார்கள். ஒரு காற்றுக் காலம் முழுக்க ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜனங்கள் அவளுக்குக் கும்பிடு போட்டார்கள். விதிப்படி மூடியபோது கிடைத்த வசவை நினைத்துக்கொண்டு அவளும் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கமிருந்து காற்று அடித்தால் சுவர் எந்தப் பக்கம் விழும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

*

அன்றைக்குக் கிண்ணம் ஐம்பத்தெட்டில் நின்றது. வீச்சு வரும்போது அறுபத்தாறு வரை போய் வந்தது. அவள் இன்ஜினியருக்குப் போன் செய்தாள்.

"சராசரி எவ்வளவு?"

"ஐம்பத்தெட்டு சார். ஆனா வீச்சு வந்து..."

"சராசரி ஐம்பத்தெட்டுன்னா அப்புறம் எதுக்கும்மா எனக்குப் போன்?"

நோட்டில் ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். கொட்டகை ஓரத்தில் மூன்று பைக்குகள் லாரிக்காகக் காத்திருந்தன. முன்னால் நின்றவர் கண்ணாடிக்காரர். இரண்டு ஊருக்கும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொடுக்கிறவர். பின்சீட்டில் மரப்பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பொதிந்த வில்லைகள். முப்பதுக்குமேல் ஓட்டத் தெரியாத மனுஷன். "ஆமை ஓட்டறதுக்கு உங்களுக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்று அவளே கேலி செய்திருக்கிறாள்.

அப்போது தம்பியின் லாரி வந்தது. தார்ப்பாய் இழுத்துக் கட்டி, கேபினுக்குமேல் இன்னொரு ஆள் உயரத்துக்கு லோடு.

"லோடுதானே?"

"பாத்தா தெரியல? லோடுதான். தூக்குக்கா, லேட்டாச்சு."

வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் குனிந்து டயரைப் பார்த்திருப்பாள். கனம் ஏறினால் டயர் அமுங்கும். தம்பி வண்டிக்கு யார் குனிந்து பார்ப்பார்கள்? பதினோரு வருஷமாக அந்த முனையிலிருந்து போனதெல்லாம் செங்கல், ஜல்லி, ஓடு. ஊருக்கு வெளியே மெத்தைக் கம்பெனி ஒன்று வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"கண்ணாடிக்காரர ஒட்டுல கூட்டிட்டுப் போடா. பாத்துப் போ, பெட்டியில வில்லை இருக்கு."

"வாங்கண்ணே, உங்க வேகத்துக்கு என் வண்டி தூங்கிடும்," என்று தம்பி சிரித்தான்.

அவள்தான் கேட்டைத் தூக்கினாள். கையைக் காட்டி, இடப்பக்கம், இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்று கண்ணாடிக்காரரை லாரியோடு சேர்த்துவிட்டாள்.

நாலாவது கிலோமீட்டரில் லாரி இடப்பக்கமாகச் சாய்ந்தது. மெத்தைகள் பள்ளத்தில் கால் கிலோமீட்டருக்குப் பறந்து கிடந்தன. ஊர் ஜனம் போய்ப் பார்த்தபோது அவற்றில் சில வெயிலில் நன்றாக உப்பிக் கிடந்தன. கண்ணாடிக்காரரை எடுக்கக் கிரேன் வரவேண்டியிருந்தது. கிரேன் வரக் காற்று அடங்கவேண்டியிருந்தது.

*

இன்ஜினியர் மூன்று மணிக்கு வந்தார். சங்கிலியைக் கழற்றிக் கதவைத் திறந்ததும் அவருக்கு முன்னால் ஒரு கூடை மணல் உள்ளே வந்தது. நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

"பாருங்க, நான் யாரையும் மாட்டிவிட வரல. எல்லாரும் நல்லா இருக்கணும். ரெக்கார்டுல என்ன இருக்கு? ஐம்பத்தெட்டு. விதி அறுபது. அப்ப கேட்டு திறந்தது தப்பில்ல. சரியா?"

"வீச்சு அறுபத்தாறு இருந்துச்சு சார்," என்றாள் கேட்டக்கா.

"நோட்டுல எழுதினியா?"

"இல்ல."

"எழுதாதது நடக்கல. அடுத்தது. பைக் ஏன் லாரிக்கு இடப்பக்கம் போச்சு? இடப்பக்கம் முந்தறது குத்தம். இது ஊர் உலகத்துக்கே தெரியும். ஒட்டு கிட்டுன்னு ஏதோ சொல்றாங்க. அப்படி ஒண்ணு எந்தப் பேப்பர்லயும் கிடையாது."

"நான்தான் விட்டேன் சார். உங்களுக்கும் தெரியும். போன மாசம் நீங்களே ஜீப்ப நிப்பாட்டிப் பாத்தீங்க. நல்ல ஐடியான்னு சொன்னீங்க."

அவர் டீ தம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "நான் சொன்னேன்னு நீ சொல்லு. நான் சொல்லலன்னு நான் சொல்றேன். எனக்கு ஒரு மெமோ வரும். உனக்கு வேலை போகும், கேஸ் வரும். உன் தம்பி லைட் லோடோட காத்துல வந்தான்னு லைசென்ஸ் போகும், அவனுக்கும் கேஸ் வரும். போனவர் திரும்பி வருவாரா?"

தம்பி பெண்டாட்டி கதவோரம் நின்றாள். "என்ன எழுதணும் சார்?" என்று கேட்டாள்.

இன்ஜினியர் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தார். அழகான கையெழுத்து. பைக் பின்னாலிருந்து வந்து லாரியை இடப்பக்கமாக முந்தியது, திடீரெனக் கண்ட ஓட்டுநர் மோதாமலிருக்க வலப்பக்கம் ஒடித்தார், ஒடித்ததில் லாரி சாய்ந்தது. காற்று காரணமல்ல. கேட்டுப் பணியாளர் பைக் புறப்பட்டதைக் கவனிக்கவில்லை. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம்.

"நாளைக்கு மறுநாள் காலையில பத்து மணிக்கு ஆபீஸ்ல. மேலதிகாரி வராரு. இதையே வாயாலயும் சொல்லணும்." எழுந்தார். வாசலில் நின்று, காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கெட்டவன்னு நினைக்காதீங்க. எனக்கும் ரிட்டயர்மெண்டுக்கு ஒன்றரை வருஷம்தான் இருக்கு."

அவர் போனதும் தம்பி பெண்டாட்டி காகிதத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். குழந்தைகள் புத்தகத்துக்கு நடுவில், கசங்காமல்.

"அந்த மனுஷன் யாரையும் முந்தினதே இல்ல," என்றாள் கேட்டக்கா. "ஆயுசுல ஒரு சைக்கிளக்கூட முந்தினதில்ல."

"அண்ணி, நான் மோசமானவ இல்ல. அந்த வீட்டுக்குப் போய் நானும் அழுதுட்டுத்தான் வந்தேன். ஆனா கேக்கறேன், செத்தவருக்கு லைசென்ஸ் வேணுமா? செத்தவருக்குக் கேட்டு வேலை வேணுமா? எம் பொண்ணுங்க ரெண்டும் வேணும்ங்குது. நீங்க உங்க மனசு சுத்தமா இருக்கணும்னு உண்மையச் சொல்லிட்டு ஜம்முனு உள்ள போயிடுவீங்க. நாங்க?"

"நான் ஜம்முன்னு போவேனாடி?"

"பின்ன? உண்மை சொல்றவங்களுக்கு அந்த ஒரு சொகம் இருக்குல்ல."

கேட்டக்கா இன்ஜினியர் குடித்த தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

மறுநாள் காலையில் தம்பிக்குத் தோள்கட்டை அவிழ்த்துக் கட்டும்போது அவன் பேசினான். பெண்டாட்டி குழந்தைகளைப் பள்ளியில் விடப் போயிருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அக்கா, நான் ஒடிக்கலக்கா."

"தெரியும்டா."

"உனக்குத் தெரியாது. கேளு. நாலாவது கிலோமீட்டர்ல ஒரு வீச்சு வந்துச்சு. ஸ்டியரிங் காத்தாடி மாதிரி லேசாச்சு. வலது சக்கரம் தரையில இல்லன்னு புரிஞ்சுபோச்சு. அந்த நேரத்துல என்ன பண்ணணும்னு எல்லா டிரைவருக்கும் தெரியும். வண்டி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கத் திருப்பணும். திருப்பினா சக்கரம் தரைக்கு வந்துடும். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ அப்படித்தான் வண்டியக் காப்பாத்தியிருக்கேன். கை தானாப் போகும்." கட்டுப் போடாத கையைத் தூக்கி, இல்லாத ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டினான். "கை போச்சு. கண்ணாடியப் பாத்தேன். அவர் தெரிஞ்சாரு. கழுத்துல மப்ளர் சுத்திக்கிட்டு, ரோட்டப் பாத்துக்கிட்டு. திருப்பினா அவர்மேல ஏறும். அதனால திருப்பல. பிடிச்சேன். அப்படியே நேரா பிடிச்சேன். பிடிச்சதாலதான் வண்டி சாஞ்சுது. அவர்மேலயே சாஞ்சுது."

கேட்டக்கா கட்டை இறுக்காமல் நின்றாள்.

"திருப்பியிருந்தாலும் போயிருப்பாரு. திருப்பாததாலயும் போயிட்டாரு. ஒட்டுல அவர் இல்லேன்னா ஒண்ணுமே இல்ல, பொழச்சு வீட்டுக்கு வந்து சோறு தின்னுருப்பேன்."

"இத அங்க சொல்லேன்டா. இதத்தான் சொல்லணும்."

"சொல்லலாம். 'மெத்த லோடோட ஏன் வந்தே'ம்பான். அதுக்கு நான் பதில் சொல்லிக்குவேன். அடுத்து, 'பைக்க யாரு உன் பக்கத்துல விட்டா'ம்பான். அதுக்கு உன் பேரச் சொல்லணும்." இப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். "என்னால முடியாதுக்கா. நானா அந்தக் காகிதத்துல இருக்கிறத விரும்பறேன்? அவரக் காப்பாத்தப் பிடிச்ச கையால, அவரு மேல பழியப் போட்டுக் கையெழுத்துப் போடணும். வலது கை கட்டியிருக்கு, இடது கைப் பெருவிரல்தான் வைக்கணும். அது ஒண்ணுதான் நல்லது."

"அப்ப எனக்காகத்தான் பண்றேங்கிறியா?"

"வேற யாருக்கு?"

அவள் கட்டை இறுக்கினாள். அவன் வலியில் பல்லைக் கடித்தான். வேண்டுமென்று இறுக்கவில்லை. ஆனால் இறுகிவிட்டது.

*

அன்று மத்தியானம் கண்ணாடிக்காரர் மனைவி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்திருந்தாள். புருவத்தில், காதுமடலில் எல்லாம் மண். வில்லை தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. வீட்டில் இருந்து வில்லை தேய்ப்பவள் அவள், கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்.

"உக்காருங்க."

"இல்ல, அடுத்த பஸ்ல போகணும். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்."

தம்பி உள்ளறைக் கட்டிலில் இருந்தான். தரையை மிதிக்கும் சத்தம் நின்றது. அவன் பெண்டாட்டி கையிலிருந்த தட்டோடு சுவரோரம் நின்றுவிட்டாள்.

"எல்லாரும் என்னமோ சொல்றாங்க. அவரு லாரிய முந்தினாராம், அதனாலதான் லாரி சாஞ்சுதாம். டிரைவர் நல்லவராம், பாவமாம். இருக்கட்டும், டிரைவர நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இவரு முந்தற ஆளில்லைங்க. பின்னால வில்லை இருக்கு. ஒரு குழியில இறங்கினாலே வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் புலம்புவாரு." மூச்சு விட்டுக்கொண்டாள். "காத்து நாள்ல நீங்க லாரி மறைப்புல அனுப்புவீங்கன்னு சொல்வாரு. 'கேட்டக்கா இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்ல'ன்னு சொல்வாரு. அன்னிக்கும் நீங்கதான் அனுப்பினீங்களா, இல்ல அவராப் போயிட்டாரா? அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். அவரு புத்திகெட்டுப்போய்ச் செத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். பிள்ளைங்க கேக்குதுங்க."

கேட்டக்கா வாயைத் திறந்தாள். தட்டு லேசாகக் கிணுங்கிற்று. உள்ளறையில் அந்தக் கால் இன்னும் மிதிக்க ஆரம்பிக்கவில்லை.

"நான் அன்னிக்குக் கொட்டகைக்குள்ள இருந்தேன்மா. போன்ல பேசிட்டிருந்தேன். அவரு போனத நான் பாக்கல."

"ஓ."

"பாத்திருந்தா விட்டிருக்க மாட்டேன்."

இந்தக் கடைசி வாக்கியம் காகிதத்தில் இல்லை. அதை அவளாகவே சேர்த்தாள்.

கண்ணாடிக்காரர் மனைவி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். சந்தேகமாகப் பார்த்தமாதிரி இல்லை. பிறகு முந்தானையால் முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். "கிறுக்கு மனுஷன். இத்தனை வருஷம் ஊர்ந்து ஊர்ந்து போயிட்டு, அன்னிக்கு மட்டும் என்ன அவசரமோ."

கதவை அவளே மூடிக்கொண்டு போனாள். சங்கிலியை மாட்ட உள்ளேயிருந்து ஒருவரும் எழுந்து வராததால் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

*

ஆபீசில் எல்லாம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. மேலதிகாரிக்குச் சளி. தம்பி காகிதத்தில் இருந்த மாதிரியே சொன்னான். "ஒடிச்சேன் சார்," என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தடுக்கியது. வலி இருக்குமே, உட்கார்ந்து சொல்லப்பா என்றார் மேலதிகாரி. அன்று ஒட்டுக்குக் காத்து நின்ற மற்ற இரண்டு பைக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவன் வரவில்லை. இன்னொருவன் தான் செல்போன் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். அவனுக்கும் நாளைக்கு அந்தக் கேட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகவேண்டும்.

கேட்டக்காவிடம் இரண்டே கேள்வி. பார்த்தீர்களா? இல்லை. அன்றைக்குக் காற்று அளவுக்குள் இருந்ததா? இருந்தது. பேனா எழுதவில்லை. இன்ஜினியர் தன் பேனாவைக் கொடுத்தார்.

*

இரண்டு மாதம் கழித்துக் காற்று மறுபடியும் ஏறியது. கேட்டக்கா பழையபடி கொட்டகையில் இருந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள்: லாரியின் இடப்பக்கம் இருசக்கர வாகனங்கள் செல்லக் கூடாது. காலை ஒன்பதுக்கு முள் ஐம்பத்தைந்தில் இருந்தது. பத்துக்குள் அறுபத்து மூன்று. வீச்சு இல்லை, சராசரியே அறுபத்து மூன்று. அவள் யாரையும் கேட்கவில்லை. சங்கிலியை விட்டுக் கேட்டை இறக்கினாள். அக்கரைக் கேட்டுக்கும் போன் செய்து சொன்னாள்.

பதினைந்து நிமிஷத்தில் வரிசை சேர்ந்துவிட்டது. ஹாரன், வசவு, கேலி.

"அக்கா, கிண்ணம் துருப்பிடிச்சுப்போச்சு, எண்ணெய் விடு!"

"கேட்டுக்கு முன்னாடி சாமி இருந்தாக்கூட உண்டியல் போட்டிருக்கலாம், இப்படி நிக்க வைக்கிறியே!"

அவள் எதற்கும் திரும்பவில்லை. நான்காவது வண்டி தம்பியுடையது. தோள் கூடி, போன வாரம்தான் மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்தான்.

"ஓடு லோடுக்கா. பதினாறு டன். டயர வேணும்னா பாரு."

"பாத்தேன். மூடியாச்சுடா."

"எல்லாரும் என்னத்தான் பாக்கறாங்க. உங்க அக்காதானேன்னு."

"ஆமா, உங்க அக்காதான். சராசரி அறுபத்து மூணு."

தம்பி குரலைத் தாழ்த்தினான். "எதுக்குக்கா மூடறே? காத்துனால ஒண்ணும் ஆகலன்னு நீயும் நானும் எழுதித்தானே குடுத்தோம்?"

கொட்டகையில் போன் அடித்தது. இன்ஜினியர்.

"யாரக் கேட்டு மூடினே?"

"அறுபதத் தாண்டிருச்சு சார். விதி."

"எந்த விதி? சர்க்குலர் வரலியா? போன வாரமே அனுப்பிச்சாச்சே. மேசை டிராயர்ல பாரு."

டிராயரில் இருந்தது. பிரிக்காமல் கிடந்தது. அவர் போனிலேயே படித்தார், அவளும் கூடவே படித்தாள். மேட்டுச் சாலையில் இதுவரை காற்றினால் விபத்து எதுவும் பதிவாகவில்லை என்பதாலும், அண்மை விபத்தில் காற்று காரணமல்ல என்று கேட்டுப் பணியாளரும் ஓட்டுநரும் எழுத்து மூலம் உறுதி செய்துள்ளதாலும், மூடும் அளவு அறுபதிலிருந்து தொண்ணூறாக உயர்த்தப்படுகிறது. அதற்குக் கீழே ஓட்டுநர்கள் தங்கள் சொந்த அறிவுக்கேற்பச் செல்லலாம்.

"தொண்ணூறு வந்தா கேட்டே பறந்துடும் சார்."

"அப்ப மூடற வேலையே மிச்சம்." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "உன் கையெழுத்த வச்சுத்தான்மா மாத்தினோம். இப்ப நீயே வந்து காத்து ஆபத்துன்னா எப்படி? தூக்கு," என்றார்.

அவள் போனை வைத்தாள். வெளியே வந்து கைப்பிடியைச் சுற்றினாள். கேட்டு எழும்பியது. கைதட்டினார்கள். போன வருஷம் ஆபீசில் தட்டிய அதே கைகள்.

முதல் மூன்று லாரிகள் போயின. தம்பி கேபினில் ஏறியபோது அவளைப் பார்க்கவில்லை. அவன் வண்டி பக்கத்தில் வந்தபோது அவள் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். அதை அவன் உள்பக்கமாக மடக்கிவைத்திருந்தான். அந்தப் பக்கம் இனி எதையும் பார்க்க அவனுக்கு விருப்பமில்லை.

பின்னால் பைக்குகள். முன்னால் நின்றவள் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், பின்சீட்டில் தையல் மெஷின் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். காற்றில் வண்டி ஆடாதிருக்க இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எந்த லாரிக்குப் பக்கத்துல போகட்டும்?"

"பலகையப் படி."

"படிச்சேன். இடப்பக்கம் போகக் கூடாதுங்குது. வலப்பக்கம் போனா காத்து தூக்கிடும். பின்னால போனா ஒரு மறைப்பும் இல்ல. அதான் உங்களக் கேக்கறேன். உங்களுக்குத் தெரியும்னு எல்லாரும் சொன்னாங்க."

கேட்டக்காவுக்குத் தெரியும். போகாதே என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொல்லத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"உனக்கு அறிவு இருக்குல்ல?" என்றாள். "பாத்துப் போ."

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு காலை எடுத்துவிட்டு, தம்பியின் லாரிக்குப் பின்னால், அதை எட்டிப் பிடிக்கிற வேகத்தில் போனாள். கேட்டக்கா நோட்டைத் திறந்து அறுபத்து மூன்று என்று எழுதினாள். பக்கத்தில், கேட்டு திறப்பு என்று எழுதினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த பைக்காரன் ஹாரன் அடித்தான்.